நடக்கப் பழகாத மகனுக்கு

மகனே,

நீ பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீ சிட்டிக்குக் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து, போய்ச் சேர்ந்தேன், சாப்பாடு பரவாயில்லை, ரூமில் கூட்டம் அதிகம் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். எல்லாவற்றையும் கேட்டேன். எதற்கும் பதில் போடவில்லை. அம்மா கோபமாக இருக்கிறாள் என்று உன் நைனா சொல்லியிருப்பார். கோபம் ஆறட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை வாசற்படி தாண்ட விடாதவள் நான். பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பிறந்த ஊர் எது என்று தெரியவே சில வருடங்கள் ஆயின. அப்படிப்பட்டவள் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று விடுகிறேன் என்றால், காரணம் ஒன்றுதான். நீ சொன்ன பொய்யைத் தெருவே கேட்டது. அதற்கான பதில் உன் காதில் மட்டும் விழுந்தால் போதாது. உன் பெயரை எழுதவில்லை. உன் நண்பனை முனி என்று எழுதுகிறேன், அதுவும் அவனுடைய உண்மையான பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சந்தில் பூக்கட்டும் பெண் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “அக்கா, ஒங்க புள்ளைக்கி வர வேண்டிய வேலைய அந்தக் காலனிப் பையன் அடிச்சிக்கினு பூட்டானாமே? பாதி தூரம் பைக்ல போனானாமே?” யார் சொன்னது என்றேன். “இன்னாக்கா தெரியாத மாரி கேக்கற. ஒங்க புள்ளதான் சலூன்ல சொல்லிக்கினு இருந்துச்சாம்” என்றாள். அரைத்த மாவை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது நீ கிளம்பிப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நீ பஸ் ஏறிவிட்டாய், நீ சொன்னது மட்டும் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது. முனிக்கு இன்னும் வேலைக்கான ஆர்டர் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்தால்தான் வரும். தெருவில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள், பையன் எப்படி, ஏதாவது புகார் உண்டா என்று கேட்பார்கள். நீ முடிவெட்டிக்கொண்டே சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவன் வேலையைப் பறித்துவிடலாம். தெரிந்து சொன்னாயா, யோசிக்காமல் சொன்னாயா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை.

வனத்துறையில் காட்டைச் சுற்றிக் காவல் பார்க்கும் பீட் ஆபீசர் வேலைக்கு நீங்கள் இருவரும் ஒன்றாகத்தான் விண்ணப்பித்தீர்கள். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினீர்கள். அவனைவிட உனக்கு மார்க் அதிகம், அதை நான் மறைக்கவில்லை. நீ புத்திசாலி. அந்தப் புத்திசாலித்தனத்தைப் பார்த்து எனக்கும் பெருமைதான். மிச்சம் இருந்தது நடைத் தேர்வு ஒன்றுதான். ஆண்களுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். அதைக் கேட்டதும் நம் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தை நகரியிலிருந்து போன் செய்து, “எம் மருமவன் ஏழு வயசுல எல்லாருக்கும் முன்னால மல ஏறனவன்டி, அவனுக்கு இதெல்லாம் ஒரு நடையா?” என்றாள். அந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாணம் இல்லை. ஏழு வயதில், திருமலைப் படி தொடங்கும் அலிபிரியில் எங்கள் கையை உதறிவிட்டு நீ ஓடினாய், உண்மைதான். பாதியில் சுருண்டு உட்கார்ந்ததும், மிச்ச தூரம் உன் நைனா தோளில் தூக்கிக்கொண்டு ஏறியதும் அந்தக் கதையில் வருவதே இல்லை. சொல்லாமல் விட்ட பாதியை நீயும் மறந்துவிட்டாய். மாதம் ஒரு தடவை திருமலைக்குப் படியேறிப் போய்வருகிற கால் இது, இதற்கு நடக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்தாய். சித்தூரிலும் திருப்பதியிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள். மலை ஏறுகிறவன் எதையும் நடந்துவிடுவான் என்று.

முனி அப்படி நினைக்கவில்லை. எழுத்துத் தேர்வு ஃபலிதம் வந்த மறுநாளே விடியற்காலையில் நம் வாசலுக்கு வந்து நின்றான். “ஆன்ட்டி, எழுந்துட்டானா?” நான் உள்ளே வந்து உன்னை உலுக்குவேன். போர்வைக்குள்ளிருந்தே சொல்வாய், “நடக்கறதுக்கு எவன்டா ட்ரைனிங் எடுப்பான்? அவன போவச் சொல்லும்மா.” ஒரு நாள் அது அவன் காதில் விழுந்துவிட்டது. வாசலில் நின்றபடியே கத்தினான், “டேய், மல மேல சாமி கீறாரு, ஒனக்காக எவ்ளோ நேரம்னாலும் காத்துக்கினு இருப்பாரு. ஆபீசருங்க காத்துக்கினு இருக்க மாட்டாங்கடா!” நான் சிரித்துவிட்டேன். நீயும் போர்வைக்குள் சிரித்தாய். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவன் வேலூர் ரோட்டில் தனியாக நடந்தான். முதலில் கொஞ்ச தூரம், பிறகு கொஞ்சம் கூட, பிறகு வெயில் ஏறிய பிறகும். சில நாள் நான் பால் வாங்கப் போகும்போது எதிரில் வருவான். நின்று பேசமாட்டான், நடந்துகொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவான். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் படவே இல்லை. ஒரு வேலையை வேலையாகச் செய்கிறவனின் முகம் அவனுக்கு இருந்தது. அந்த முகத்தை நம் வீட்டில் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்த வேகம் என்னதான் என்று பார்க்க ஒரு காலையில் நானே போனேன். இதை உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போதும் நாம் பஸ்ஸில் சேர்ந்து போனால் அக்காவா என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் உடம்பு தளர்ந்துவிடவில்லை. போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, தேர்வுக்கு வேண்டிய வேகத்தில் நடந்தேன். அரை மணி நேரத்தில் விலா பிடித்துக்கொண்டது. அது கடைக்குப் போகிற நடை இல்லை. கோயிலுக்குப் போகிற நடையும் இல்லை. ஓடாமல் ஓடுகிற மாதிரி ஒரு நடை. அதை நான்கு மணி நேரம் நிறுத்தாமல் செய்ய வேண்டும் என்றால் உடம்பு அதை முன்னாலேயே பலமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். மலையில் அப்படியா நடக்கிறோம்? பத்துப் படி ஏறினால் நிற்கிறோம், மாங்காய்ப் பத்தை வாங்கித் தின்கிறோம், மானைப் பார்க்கிறோம், முன்னால் போகிறவர்கள் கோவிந்தா என்றால் நாமும் கோவிந்தா என்று சொல்லி மூச்சு வாங்குகிறோம். எப்போது மேலே போய்ச் சேர்ந்தாலும் அது சேர்ந்ததுதான். அங்கே தோற்பதற்கு வழியே இல்லை. அதனால்தான் அது பக்தி, பயிற்சி இல்லை. இவ்வளவையும் உன் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். “புக்கு படிச்சிக்கினே எல்லாத்தையும் கண்டுபுடிச்சிடுவியாம்மா நீ” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாய். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தேர்வுக்கு முந்தின நாளை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது. நடைத் தேர்வு நடக்கும் திருப்பதியில் தங்கலாம், சாயங்காலம் சீக்கிரம் படுத்துக்கொள்ளலாம் என்றுதானே காலையிலேயே சித்தூரிலிருந்து கிளம்பினோம். அத்தை நேராக அலிபிரிக்கு வந்து நின்று நம்மையும் அங்கே வரவழைத்தாள். உனக்காக வேண்டிக்கொண்டாளாம். வெறுங்காலோடு படியேறி, முழங்கால் படி வந்ததும் அந்தச் செங்குத்தான ஏற்றத்தை முட்டிபோட்டே ஏற வேண்டுமாம், வேலை கிடைக்க. நாளைக்கு நடக்க வேண்டிய கால் அது, வேண்டுதலை வேலை கிடைத்த பிறகு செலுத்தலாம் என்றேன். “சாமி விஷயத்துல குறுக்க பேசாத” என்றார் உன் நைனா. அத்தை என்னைப் பார்க்காமல் உன்னிடமே சொன்னாள், “நீ ஏறுடா. ஒங்கம்மாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்.” நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அந்தச் சாமிக்கு உன் முட்டியைத் தேய்த்துக் காட்டினால்தான் உன்னைத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. நீ படித்தவன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை முணுமுணுத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். நீ சந்தோஷமாகப் போனாய். ஏன் தெரியுமா? இத்தனை வாரம் எழுந்திருக்காத குற்றத்தை ஒரே நாளில் கழுவிவிடலாம் என்று உனக்குத் தோன்றியது. பயிற்சி செய்யாத இடத்தில் வேண்டுதலை வைத்தாய். முட்டியில் ரத்தம் கட்டிக்கொண்டு மேலே போய் போட்டோ எடுத்து, ‘சாமி ஓகே சொல்லிட்டாரு’ என்று ஸ்டேட்டஸ் போட்டாய். இறங்கி வந்து பஜாரில் புது ஷூ வேறு வாங்கினாய், மறுநாள் போட்டுக்கொண்டு நடக்க.

மறுநாள் நடந்ததை நீ உன் விதமாகச் சொல்லிவிட்டாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை ஓரமாக நானும் அத்தையும் நின்றுகொண்டிருந்தோம். அத்தை கையில் லட்டு டப்பா. மார்பில் நம்பர் குத்திய பையன்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சிலர் கோட்டைத் தாண்டியதும் அப்படியே ரோட்டில் மல்லாந்தார்கள். நீ வரவில்லை. முனியும் வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு நாள் நடந்தவன் முதல் கும்பலிலேயே வந்திருக்க வேண்டுமே என்று யோசித்தேன். நேரம் முடிகிற சமயத்தில்தான் வந்தான், சட்டை பிழிகிற மாதிரி நனைந்து, வாயைத் திறந்துகொண்டு, கடைசி ஆட்களோடு ஆளாக. அவனுக்குப் பின்னால், பாதியில் விட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. நீ அதிலிருந்து இறங்கினாய். ஷூ கையில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அத்தை, “இன்னாடா ஆச்சி?” என்று அலறினாள். “காலு புடிச்சிக்கிச்சி” என்றாய்.

அத்தோடு நின்றிருந்தால் நான் உன்னை அணைத்துக்கொண்டிருப்பேன். கால் பிடித்துக்கொண்டது. பயிற்சி இல்லாத கால், முந்தின நாளே களைத்துப்போன கால், பழகாத ஷூவில் மாட்டிய கால், பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். அது உண்மை. உண்மை அவமானம் இல்லை. ஆனால் சித்தூருக்கு பஸ் வருவதற்குள் அது ஷூவின் தப்பாகிவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாய். மறுநாள் வழியில் தண்ணீர் வைக்கவில்லை என்றாய். அத்தை ஒரு பக்கம், “சாமி குடுக்கல, நாம இன்னா பண்றது” என்று சாமி தலையில் போட்டாள், நீ தடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டே உன் நைனாவிடம், “அவனுங்களுக்கு கோட்டா கீது, நைனா. நமக்கு ஒண்ணும் இல்ல” என்றாய். நான் சாம்பார்க் கரண்டியோடு நின்றுவிட்டேன். கடைசியாக சலூனில் பைக் கதை. நீ எழுத்துத் தேர்வில் காட்டிய புத்திசாலித்தனம் முழுக்க இதற்குத்தான் போயிற்று.

கோட்டாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். நம் ஜாதிச் சான்றிதழுக்காக எம்ஆர்ஓ என்கிற தாசில்தார் ஆபீசுக்கு அலைந்தவள் நான். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நீ. நமக்கும் உண்டு. இருப்பதில் வெட்கமும் இல்லை, அவனுக்கு இருப்பதிலும் இல்லை. தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்த நம் ஆட்களுக்கும், சொந்தமாகக் கைப்பிடி மண் இல்லாமல் அடுத்தவன் நிலத்தில் குனிந்தே இருந்த அவன் ஆட்களுக்கும் அது எதற்கு வந்தது என்று உனக்குப் பாடம் நடத்த நான் விரும்பவில்லை, அதையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன் நீதான். நான் கேட்பது ஒன்றுதான். அந்த ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் அவனுக்கு மட்டும் குறைத்து அளந்தார்களா? கடிகாரம் அவனுக்கு மட்டும் மெதுவாக ஓடியதா? பைக்கில் போகிறவன் எவனாவது கடைசி ஆளாக, நாக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேருவானா? அவன் வந்ததை நான் பார்த்தேன். நீ வந்ததையும் பார்த்தேன். வண்டியில் வந்தவன் நீ.

மாவு மில்லிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே முனி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அவன் நம் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான், நான் அவன் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவன் அம்மா மாம்பழக்கூழ் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நாற்காலி போட்டாள், தான் நின்றுகொண்டே இருந்தாள். “எம் புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டான்மா. பாஸாயி வந்த அன்னிக்கி கோழி அடிச்சி கொழம்பு வெச்சேன். துன்னவே இல்ல. செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்கினான். பாஸானவன் மூஞ்சா அது?” என்றாள். முனி உள்ளேயிருந்து, “வுடும்மா” என்றான். நான் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். “அவன் ரோட்டோரம் ஒக்காந்துட்டான், ஆன்ட்டி. ஷூ நாடாவ அவுத்து வுட்டேன். தண்ணி குடுத்தேன். எழுந்து வாடா, மெதுவா போலாம்னேன். நீ போடா, ஒனக்கு இன்னா, நடக்கலன்னாலும் கோட்டாவுல வந்துரும்னான்.” பிறகு அவனே, “வலியில சொல்ட்டான், ஆன்ட்டி” என்றான்.

அவன் ஏன் கடைசியில் வந்தான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உன் நாடாவை அவிழ்த்ததில் அவன் நேரம் போயிருக்கிறது. அந்த நேரத்தை அவன் எங்கேயோ ஓடாமல் ஓடி மீட்டிருக்கிறான், நீ சொன்ன வார்த்தையையும் சுமந்துகொண்டு. வலியில் சொன்னாய் என்று அவன் சொல்லலாம், அது அவன் பெருந்தன்மை. நான் சொல்லமாட்டேன். சலூன் நாற்காலியில் உனக்கு எந்த வலியும் இல்லை. அவன் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தவள், உனக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன். போனில் நீ சமாளித்துவிடுவாய். உன் பேச்சு எனக்குத் தெரியும்.

நேற்று கான்ஸ்டபிள் வந்தார். முனியைப் பற்றி விசாரித்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர் சலூனிலும் நின்றிருக்கிறார். பிறகு நம் வாசலுக்கு வந்தார், பின்னால் சலூன் ஆட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க. தெலுங்கில் கேட்டார், இந்தப் பையன் நடைத் தேர்வில் பைக்கில் ஏறிக்கொண்டானாமே, உங்கள் மகன் கண்ணால் பார்த்தானாமே என்று. உன் நைனா நான் பேசுவதற்கு முன்னால், “நமக்கு எதுக்கு சார் அடுத்தவங்க விசயம்” என்று ஆரம்பித்தார். நான் முன்னால் போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தெலுங்கிலேயே சொன்னேன். அந்தப் பையன் நடந்து வந்தான், நான் பார்த்தேன். என் மகன் பாதியில் உட்கார்ந்துவிட்டான், வேனில் வந்தான், அதையும் பார்த்தேன். பைக் கதை பொய். சொன்னவன் என் மகன். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “நீங்க பெத்த தாயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் போனதும் உன் நைனா உள்ளே வந்து கத்தினார். “பெத்த புள்ளய இப்டியா ரோட்ல நிக்க வெப்ப?” என்றார். “ஒக்காந்துட்டு வந்தவன்தானே, நிக்கட்டும்” என்றேன். அத்தை போன் செய்து நான் ஒரு தாயா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டேன்.

என் கோபம் நீ தோற்றதில் இல்லை என்பது இதற்குள் உனக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த அறிவிப்பு எப்போது வரும், வருமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் விண்ணப்பி. வேலை முடிந்து அறைக்குப் போவதற்கு முன்னால் நட. ஷிஃப்ட் மாறினால் மாறின நேரத்தில் நட. முதல் வாரம் கேவலமாக இருக்கும், நடந்துகொண்டிரு. ஒரு தூரத்தைக் கடப்பதற்கு அந்தத் தூரத்தைத் திரும்பத் திரும்ப நடப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை இந்தத் தோல்வி உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நீ அதைக் கேட்காமல் பக்கத்தில் நடந்தவன் மேல் பழியைப் போட்டாய். பொய்யும் பழகினால் சுலபமாகிவிடும். காலில் இருந்து ஷூவுக்கு, ஷூவிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து முனியின் ஜாதிக்கு எத்தனை சுலபமாகப் போனாய் என்று நினைத்துப் பார். அந்தப் பயிற்சியை மட்டும் நீ ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு. பஸ் ஏறி வா. நேராக வீட்டுக்கு வராதே. முதலில் சலூனுக்குப் போ, சொன்ன இடத்திலேயே, சொன்ன அதே ஆட்கள் முன்னால் அது பொய் என்று சொல். பிறகு முனி வீட்டுக்குப் போ. அவன் அம்மா உட்காரச் சொன்னாலும் உட்காராதே. அவன் மன்னிப்பானா என்று என்னைக் கேட்காதே, அது அவன் இஷ்டம். மன்னிக்காமலும் இருக்கலாம், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. போய்ச் சொல்வது மட்டும்தான் உன் வேலை. நான் சொல்லிவிட்டேன் என்பதால் நீ சொல்ல வேண்டியது குறைந்துவிடவில்லை.

பெற்ற தாயா என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டபோது ஆமாம் என்று சொன்னேனே, அப்போது என் குரல் தடுமாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை என்றால், இனி யாராவது அதே கேள்வியைக் கேட்கும்போது தடுமாறும்.

உன் அம்மா